உடம்பு சுருங்கும்போது மனசு விரியுமா? நோயாளி வீட்டார் கேட்ட கேள்விகள்

அரசாங்க மருத்துவமனையில் 31 ஆண்டு மிசியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வாரத்தில் இரண்டு நாள், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் (குடியிருப்புகளுக்கும்) போய், நெடுநாள் நோயில் படுத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். போன ஆண்டு கோயில் மண்டபத்தில், தாதியர் படிப்பில் வரும் ஒரு கோட்பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அதற்கு செல்ஃப் டிரான்சென்டன்ஸ் என்று பெயர். நான் ‘தன்னைக் கடந்து விரிதல்’ என்று சொல்லி வருகிறேன். அன்றிலிருந்து மளிகைக் கடையிலும் கிளினிக் வாசலிலும் அதே சந்தேகங்களை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

தன்னைக் கடக்கிறதுனா என்ன மிசி? சாமியாராப் போயிடறதா?

இல்லை. நோய் வந்தவருக்கு முதலில் சுருங்குவது உலகம். நேற்றுவரை பால்மரக் (ரப்பர்) காடு, பாசார் (சந்தை), கோயில், மகள் வீடு என்று நடமாடியவருக்கு இன்று கட்டில், குளியலறை, மருந்து டப்பா என்று மூன்றே இடம். அவரைப் பற்றிய பேச்சும் சுருங்கிவிடுகிறது. “சீனி எவ்வளவு? மலம் போனதா? சாப்பிட்டாரா?” அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அந்தச் சுருங்கிய இடத்தில் இருந்துகொண்டே ஒருவர் தன் எல்லையை வேறு பக்கங்களில் விரித்துக்கொள்ள முடியும் என்கிறது இந்தக் கோட்பாடு. அப்படி விரியும்போது ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்ற உணர்வு கூடுகிறது. கால் இல்லாதவரும், நாள் எண்ணிக்கொண்டிருப்பவரும்கூட அந்த உணர்வோடு இருக்க முடியும். அதைத்தான் இங்கே நலம் என்கிறோம்.

இதை யார் சொன்னது? நீங்களா யோசிச்சதா?

நான் யோசித்ததல்ல. அமெரிக்காவில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தாதியர் துறைப் பேராசிரியராக இருந்த பமேலா ரீட் 1991இல் இதைக் கோட்பாடாக வெளியிட்டார். அதற்கு முன்பே அவர் முதியவர்களிடம், முக்கியமாக மனச்சோர்வில் இருந்த முதியவர்களிடம், ஆய்வு செய்திருந்தார். வயதானால் தேய்மானம்தான் என்ற நினைப்பை அவர் ஏற்கவில்லை. மனிதர் கடைசிவரை வளர்கிறார் என்ற வளர்ச்சி உளவியலையும், மனிதரைப் பிரித்துப் பார்க்காமல் முழுமையாகப் பார்க்கச் சொன்ன மார்த்தா ராஜர்ஸ் என்ற தாதியர் அறிஞரின் சிந்தனையையும் சேர்த்துக் கட்டினார். வதைமுகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் இதே சொல்லை முன்பே பயன்படுத்தியிருந்தார்.

கோட்பாட்டில் மூன்று விஷயங்கள்தான் உண்டு. நொய்மை, அதாவது நோய், முதுமை, இழப்பு, சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்ற உணர்வு. அடுத்தது விரிதல். மூன்றாவது நலம். நொய்மையில் இருப்பவர் விரிந்தால் நலம் கூடும். அவர் விரிவதற்கு இடம் செய்து கொடுப்பது மிசியின் வேலை, வீட்டாரின் வேலை.

எந்தப் பக்கம் விரியறது? புரியற மாதிரி சொல்லுங்க.

நான்கு பக்கம். உள்ளே, அதாவது தன்னைத் தானே அறிந்து ஏற்றுக்கொள்வது. வெளியே, மற்ற மனிதர்களிடமும் சுற்றியுள்ள உலகத்திடமும். காலத்தில், பழையதையும் இனி வரப்போவதையும் இன்றைக்கு அர்த்தம் தரும்படி சேர்த்துக்கொள்வது. கடைசியாக, கண்ணுக்குத் தெரிகிற உலகத்துக்கு அப்பால்.

ஒரு பாட்டியைச் சொல்கிறேன். நீரிழிவால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒருநாள் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, கூரைத் தகரத்தின் இடுக்கில் ஒரு பழைய பால் வெட்டும் கத்தி செருகியிருந்ததைக் கண்டேன். “பாட்டி, கோடு எந்தப் பக்கம் சாய்ச்சுப் போடுவீங்க?” என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கையை நீட்டினார். மூன்றாம் படிவம் படிக்கும் பேத்தி கத்தியை எடுத்துக் கொடுத்தாள். பின்கட்டிலிருந்து ஒரு வாழைத்தண்டும் வந்தது. பாட்டி அதை மடியில் நிறுத்தி, இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பு. காகிதம்போல் ஒரு சுருள் விழுந்தது. “பட்டையோட நிக்கணும். மரத்துல கத்தி பட்டா புண்ணு. அப்புறம் அந்த இடம் முண்டு முண்டா வீங்கிரும், அடுத்த கோடு போட முடியாது.” பேத்தி அதைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டாள். பாட்டி அவள் கையைப் பிடித்து இன்னொரு கோடு போட வைத்தார்.

கால் வளரவில்லை. புண்ணும் ஆறுகிற நாளில்தான் ஆறியது. ஆனால் மறுவாரம் நான் போனபோது தலை வாரி, பூ வைத்து உட்கார்ந்திருந்தார். கை இன்னும் தொழிலை மறக்கவில்லை என்று தெரிந்தது உள்ளே விரிதல். பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தது வெளியே. ஐம்பது வருடக் காடு அந்த ஒரு மத்தியானத்துக்குள் வந்தது காலம். அந்த ஆண்டு ஆயுத பூஜையில் கத்திக்குச் சந்தனமும் பொட்டும் வைத்துக் கும்பிட்டாரே, அது நான்காவது.

கேட்க நல்லா இருக்கு. ஆனா நிரூபிச்சிருக்காங்களா?

ரீட் இதை அளக்க ஒரு வினாத்தாள் செய்தார். 15 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், ஆக மொத்தம் 15 முதல் 60 வரை வரும். இளையவர்களுக்கு உதவுவது, அனுபவத்தைப் பகிர்வது, உடம்பின் மாற்றத்துக்குத் தக்கபடி நடந்துகொள்வது, சாவை வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஏற்பது போன்றவை அதில் வரும். டோரிஸ் கவர்டு என்ற ஆய்வாளர் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களிடமும் எய்ட்ஸ் நோயாளிகளிடமும் இந்தக் கோட்பாட்டை வைத்து ஆராய்ந்தார். நார்வேயில் கோரில் ஹௌகன் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஆராய்ந்தார். மிசி நோயாளியோடு எப்படிப் பழகுகிறார் என்பதற்கும் இந்த விரிதலுக்கும், விரிதலுக்கும் நலத்துக்கும் தொடர்பு இருப்பதை இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டின.

தொடர்பு என்றுதான் சொல்கிறேன். இது இருந்தால் அது கட்டாயம் வரும் என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதித் தர முடியாது. அந்த வினாத்தாளையும் வீட்டில் யாரிடமும் நீட்டாதீர்கள், அது ஆய்வாளர்களுக்கானது. அப்பாவுக்கு மார்க் போடுவதற்காக அதைச் செய்யவில்லை.

அப்போ இப்படி விரிஞ்சா புற்றுநோய் குணமாயிடுமா?

ஆகாது. அப்படி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மருந்தை நிறுத்திவிட்டு ‘மனசாலேயே சரி பண்ணிக்கலாம்’ என்று கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது நோய் ரொம்பத் தூரம் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் வலியில துடிக்கிறாரு. அவருகிட்டப் போய் பழைய கதையா கேட்பேன்?

கேட்காதீர்கள். முதலில் வலியை அடக்குங்கள். இந்தக் கோட்பாடே இதைச் சொல்கிறது: நொய்மை கூடக் கூட விரிதலும் கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. துன்பம் ஒரு அளவை மீறினால் மனிதரால் எதையும் விரிக்க முடியாது. பல் வலி வந்தாலே நமக்குப் பிள்ளை பேசுவது காதில் ஏறுவதில்லையே, எலும்புக்குப் பரவிய புற்றுநோய் எப்படி இருக்கும்!

மருத்துவர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயந்து அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ‘அது கடைசி மருந்து, கொடுத்தா சீக்கிரம் போயிடுவாரு’ என்ற பேச்சு நம் ஊரில் நிறைய. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது உயிரைப் பறிப்பதில்லை, வலியைத்தான் குறைக்கிறது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக்கால நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் தாதியாக இருந்து பிறகு மருத்துவரானவர். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, ஆன்ம வேதனை எல்லாம் ஒரே முடிச்சு என்று சொன்னவர் அவர். அவரும் மருந்தை நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னவர்தான். வலி தணிந்து உங்கள் வீட்டுக்காரரே “டீ இருக்கா?” என்று கேட்கும் நேரம் வரும். அப்போது பக்கத்தில் உட்காருங்கள்.

அப்பா எப்பப் பார்த்தாலும் “நான் உங்களுக்குப் பாரம்”னு சொல்றாரு. என்ன பதில் சொல்றது?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. நாம் உடனே “அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா” என்போம். அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் அவர் வாய் அதோடு மூடிக்கொள்கிறது. பாரம் என்பதற்கு அவர் மனதில் இருக்கும் அர்த்தம் ‘வாங்கிக்கொண்டே இருக்கிறேன், கொடுக்க ஒன்றுமில்லை’ என்பது. ஆகவே அவரிடம் ஏதாவது கேளுங்கள். அவரால் மட்டுமே தர முடிந்ததைக் கேளுங்கள். ஒப்புக்குக் கேட்டால் முதியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு மகன் பழைய படப் பெட்டியைக் கொண்டுவந்து, “இதுல யார் யாருப்பா? எனக்குத் தெரியல” என்று கேட்டார். அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது, சிறுநீரகம் போய்விட்டது. படங்களுக்கு நடுவே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் மங்கிப்போன காகிதம் ஒன்று வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே தோட்டம் வாங்க வேண்டும் என்று, அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. நம் சுங்கை சிப்புட்காரர்தானே அவர். மாதம் 10 வெள்ளி கட்டியதையும், அந்த மாதங்களில் மீன் வாங்காமல் கருவாட்டோடு ஓட்டியதையும் பெரியவர் சொன்னார். மகனுக்கு அது எதுவுமே தெரியாது. அன்று முதல் தினமும் சாயங்காலம் நான்கு படம், பின்பக்கம் பெயர் எழுதுவது. அந்த நாட்களில் ‘பாரம்’ என்ற சொல் அவர் வாயில் குறைந்ததாக மருமகள்தான் என்னிடம் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன 15 கூற்றுகளில், தேவைப்படும்போது மற்றவர் உதவியை ஏற்றுக்கொள்வது என்பதும் ஒன்று. வாங்கிக்கொள்வதும் ஒரு விரிதல்தான். வாழ்நாள் முழுக்கப் பிறருக்கே செய்த நம் அம்மாக்களுக்கு இது மிகக் கடினம். குளிக்க வைக்கும்போது அவர்கள் கூனிக் குறுகுவார்கள். துண்டால் போர்த்திக்கொண்டு, “சின்ன வயசுல என்னை இப்படித்தானே குளிப்பாட்டுனீங்க” என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

சாவைப் பத்திப் பேச்செடுத்தா நாங்க பேச்சை மாத்திடுறோம். தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன், பயம் அது. ஆனால் அவர் பேச்செடுக்கும்போது கதவைச் சாத்தாதீர்கள். “எதை நினைச்சு கேக்குறீங்கம்மா?” என்று ஒரு வரி போதும். பெரும்பாலும் வருவது பெரிய தத்துவம் இல்லை. எந்தச் சேலை கட்ட வேண்டும், சண்டை போட்டுப்போன தம்பிக்குச் சொல்லி அனுப்புவீர்களா, பேரன் கல்யாணத்துக்கு என் தோடு. அவராக எடுக்காத பேச்சை நீங்கள் எடுத்துத் திணிக்கவும் வேண்டாம்.

கோயிலுக்குப் போறோம், தேவாரம் பாடுறோம். அது போதாதா? இல்ல, சாமி நம்பிக்கை இல்லாதவங்களுக்கு இது ஆகாதா?

இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்ட கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பக்தி இருப்பவருக்கு நான்காவது பக்கம் ஏற்கனவே திறந்திருக்கிறது. தைப்பூசத்துக்குப் போக முடியாதவரிடம், காவடி எடுத்த ஆண்டைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு அறையை விட்டுப் போய்விட்டால், மற்ற மூன்று பக்கமும் மூடியே இருக்கும். நம்பிக்கை இல்லாதவருக்கு அந்த மூன்றும் இருக்கின்றன. நான்காவதும் சாமியாகவே இருக்க வேண்டியதில்லை. வாசலில் கட்டிலைப் போட்டு, செம்பனைக்கு மேல் மழை வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு பழைய தொழிற்சங்கக்காரரை எனக்குத் தெரியும்.

வாரம் மூணு நாள் டயாலிசிஸ். தலா நாலு மணி நேரம். அதுல எங்க விரியறது?

2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் தோட்டத்துக் குடும்பங்களில் நீரிழிவு, பிறகு சிறுநீரகம், பிறகு டயாலிசிஸ் என்ற வரிசை எல்லாருக்கும் மனப்பாடம். உங்கள் கேள்வியின் களைப்பு எனக்குத் தெரியும்.

டயாலிசிஸ் நாற்காலி பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. முதல் நாள் வந்து நடுங்கிக்கொண்டு உட்காருபவரிடம் மிசி ஆயிரம் சொல்லலாம். ஆறு வருடமாக ஊசி குத்திக்கொள்பவர் “முதல் வாரம் இப்படித்தான் இருக்கும், அப்புறம் பழகிரும்” என்று சொன்னால் அதன் கனமே வேறு. நான் பார்த்த ஒரு அண்ணன் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், தாகத்துக்கு ஐஸ் கட்டியை எப்படி வாயில் அடக்குவது என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருவார். டயாலிசிஸ் முடிந்த மறுநாள்தான் உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கும் என்று பலர் சொல்கிறார்கள். வீட்டில் பேச, எழுத, பிள்ளைகளோடு இருக்க அந்த நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாட்டிக்கு மறதி நோய். என்னையே யாருனு கேக்குறாங்க. இது அவங்களுக்கு உதவுமா?

ஹௌகன் ஆய்வு செய்தது நினைவாற்றல் தெளிவாக இருந்த முதியவர்களிடம். ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனாலும் கை நினைவு, பாட்டு நினைவு, வாசனை நினைவு நெடுநாள் தங்குவதைக் கண்ணால் பார்க்கிறோம். “நான் யாருன்னு சொல்லுங்க பாட்டி” என்று பரீட்சை வைக்காதீர்கள். முருங்கைக் கீரையை முறத்தில் வைத்து முன்னால் நகர்த்துங்கள். விரல் தானாக ஆயத் தொடங்கும். நீங்களும் உட்கார்ந்து ஆயுங்கள்.

எதுக்கும் பேச மாட்டேங்கிறாரு, அழுதுகிட்டே இருக்காரு. கதை கேட்டா சரியாயிடுமா?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பசியில்லை, எதிலும் நாட்டமில்லை, ‘செத்துப்போனா தேவல’ என்ற பேச்சு இருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. வலி பற்றிச் சொன்னதுதான் இங்கேயும்: முதலில் சிகிச்சை.

தோட்டத்துல நூறு வருஷமா நம்மள “பொறுத்துக்கோ, ஏத்துக்கோ”னுதான் சொன்னாங்க. நீங்களும் அதையேதானே வேற வார்த்தையில சொல்றீங்க?

ஒரு தம்பி எழுந்து நின்று இதைக் கேட்டார். மண்டபமே அமைதியாகிவிட்டது. நல்ல கேள்வி. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

இந்தக் கோட்பாடு துன்பத்தை நல்லதென்று சொல்லவில்லை. துன்பத்தில் இருப்பவரிடமும் வளரும் சக்தி இருக்கிறது என்கிறது. அதோடு, சுற்றுச்சூழலும் ஆளின் நிலைமையும் இந்த விரிதலைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்றும் ரீட் சொல்கிறார். கிளினிக்குப் போக வண்டி இல்லை, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) படிவம் நிரப்ப ஆள் இல்லை, தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றால், நோயாளியை ‘மனசை விரிங்க’ என்று சொல்வது அநியாயம். முதலில் படிவத்தை நிரப்புவோம். சமூகநலத் துறைக்கு மனுப் போடுவோம். பெரிய மருத்துவமனை இருக்கும் ஈப்போ 30 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, அங்கே போக வேன் ஏற்பாடு செய்வோம்.

உரிமை கேட்பதும் விரிதலுக்கு எதிரானதில்லை. தனக்கு வேன் கிடைக்காமல் அவதிப்பட்ட ஒரு அக்கா, நான்கு நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு கோயில் நிர்வாகத்திடம் போய், கேட்டு, வாங்கிவிட்டார். அந்த மாதம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ‘எனக்கு’ என்பது ‘எங்களுக்கு’ என்று ஆனது வெளியே விரிதலேதான், தம்பி.

வார்டுல மிசிங்களுக்கு மூச்சு விடவே நேரமில்ல. இதுக்கெல்லாம் நேரம் எங்க?

என் இளமையில் ஒரு வார்டில் நடந்தது. ஒரு தாத்தா, 1943இல் ஜப்பானியர் தன் அப்பாவை சயாமுக்கு (தாய்லாந்துக்கு) ரயில் பாதை போடக் கூட்டிப்போன நாளைச் சொல்ல ஆரம்பித்தார். என் கையில் இருபது பேருடைய மருந்துத் தட்டு. “அப்புறம் வரேன் தாத்தா” என்றேன். போகவில்லை. அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சில மாதம் கழித்துப் பக்கவாதத்தில் திரும்பி வந்தார். பேச்சு போயிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு கட்டுப் போடும் நேரத்தைப் பிடித்துக்கொண்டேன். கை எப்படியும் பத்து நிமிடம் அங்கேதான் இருக்கப்போகிறது. வாய் சும்மாதானே இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கும்போது ஒரு கேள்வி, படுக்கை மாற்றும்போது அதன் பாக்கி. தனியாக நேரம் கேட்டால் கிடைக்காது. இளைய மிசிகளிடம் நான் சொல்வது இதைத்தான்.

எல்லாம் நோயாளிக்கே சொல்றீங்க. ராத்திரி பகலாப் பார்த்துக்கற எனக்கு?

இதைக் கேட்ட அம்மாள் கணவரை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். கேட்டுவிட்டு, கேட்டதே தப்பு என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் உலகமும் அதே கட்டிலளவுக்குச் சுருங்கியிருக்கிறது. நொய்மை உங்களுக்கும் உண்டு.

வாரத்தில் ஒரு மத்தியானம், மூன்று மணி நேரம், வேறு யாராவது உட்காரட்டும். நாத்தனார், பக்கத்து வீடு, யாராக இருந்தாலும். ‘ஏதாவது வேணுமா?’ என்று கேட்பவர்களிடம் ‘ஒண்ணும் வேணாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். அடுத்த முறை “வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வந்து இவருகூட இருங்க” என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் துணி துவைக்கக் கூடாது. அந்த அம்மாள் முதல் வியாழன் என்ன செய்வதென்று தெரியாமல் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். இரண்டாவது வியாழன், பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார்.